மனு எழுதிய வணிகர்: கஜுலு லட்சுமிநரசு செட்டியார்

முன்னுரை

மதுரை விளக்குத்தூணைக் கடந்து செல்லாத மாணவர் நம் கல்லூரியில் இரார். அத்தூண் கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது. 1840-களில் மதுரைக் கோட்டையின் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை வெளியே விரியச் செய்தவர் அவர். அப்பணியில் துணைநின்ற பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகிய இருவர் பெயர்களும் தெருப்பெயர்களாக நிலைத்துவிட்டன. ஆட்சி செய்தவர் பெயரைத் தூண் சொல்லுகிறது. மதிலை இடிக்கத் துணைநின்றவர் பெயரைத் தெரு சொல்லுகிறது. அதே காலத்தில், அதே ஆட்சியின்கீழ் வரி கட்டமாட்டாமல் அடிபட்ட குடியானவனுக்காக வாய்திறந்த ஒருவரை நம்மில் பலர் பள்ளிப் பாடநூலின் ஓரிரு வரிகளிலேயே கண்டிருப்போம். அவர்தாம் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வரிகளுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கையை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் மதுரைக்காரர் அல்லர். ஆயினும் அவர் எழுதிய மனு நம் சமவெளிக் குடியானவர்களின் கதையையும் உள்ளடக்கியது. எனவே அந்நாளைய மதுரைச் சீமையின் நிலையை முதலில் நோக்குவது பொருத்தமாகும்.

அன்றைய மதுரைச் சீமை

இன்று மேலூர்ப் பக்கம் பச்சைப்பசேலென்று காணும் வயல்களுக்குப் பெரியாற்று நீர் வந்தது 1895-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வானம் பார்த்த கண்மாய்களும் கிணறுகளுமே துணை. கண்மாய் பெருகினால் விளைச்சல், பெருகாவிட்டால் பட்டினி. இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன் ஆட்சியில் இருந்தன. மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரங்களில் பெரும்பகுதி நிலம் இரயத்துவாரி முறைக்கு உட்பட்டிருந்தது. தாமஸ் மன்றோ 1820-இல் ஆளுநரானபின் மாகாணம் முழுவதற்கும் பரவிய முறை இது. இடைத்தரகர் இன்றி அரசாங்கமே உழவனிடம் நேரே வரி வாங்கும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகவே தோன்றும்.

நடைமுறையில் இரண்டு தீமைகள் இதனைக் கெடுத்தன. முதலாவது, வரியின் சுமை. வரி பணமாகச் செலுத்தப்பட வேண்டும். ஆனால் 1820-களின் பிற்பகுதி தொடங்கி 1850-களின் முற்பகுதிவரை மாகாணத்தில் தானிய விலை வீழ்ந்து கிடந்தது. முன்பு ஒரு வண்டி நெல்லை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போது அதற்கு மேலும் விற்க வேண்டியதாயிற்று. வரித்தொகை ஏறாவிட்டாலும் வரியின் பாரம் ஏறியது. இரண்டாவது தீமை, அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் காவல் பணியை வருவாய்த்துறையினரிடம் ஒப்படைத்தது. கலெக்டரே மாஜிஸ்திரேட், தாசில்தாரே தம் வட்டத்தின் காவல் தலைவர். வரி கேட்கும் ஆளும், அடித்தால் முறையிட வேண்டிய ஆளும் ஒருவரே. குடியானவன் எங்கே போவான்?

வணிகக் குடும்பம்

இத்தகைய காலத்தில் 1806-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர் லட்சுமிநரசு செட்டியார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வணிகக் குடும்பம். தந்தை சித்துலு செட்டியார் அவுரி வாணிகத்தில் பெயர்பெற்றவர். அவுரி என்பது நீலச்சாயம் தரும் செடி. தறித்தொழிலும் சாயத்தொழிலும் பின்னிப்பிணைந்த மதுரையில் வாழும் நமக்கு, அந்நாளில் நீலச்சாயத்துக்கு இருந்த மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. இளமைக் கல்வியைச் சென்னையில் முடித்த மைந்தர், தந்தையின் கடையிலேயே தொழில் பழகினார். அவுரியோடு துணி வாணிகத்தையும் பெருக்கிச் செல்வரானார்.

செல்வம் சேர்த்த வணிகர் கோயில் திருப்பணியும் அன்னசத்திரமும் செய்வது நம் நாட்டு மரபு. செட்டியார் தம் செல்வத்தைச் செய்தித்தாளுக்கும் மனுவுக்கும் செலவிட்டார். அந்நாளில் இது புதுமையான அறம்.

'கிரசென்ட்' ஏடு

1844-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில ஏட்டைச் செட்டியார் தொடங்கினார். பிறை என்பது அப்பெயரின் பொருள். எட்வர்டு ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தினார். இந்தியர் பணத்தில், இந்தியர் குறைகளை, ஆளுவோரின் மொழியிலேயே பேசும் ஏடு! அரசாங்கத்துக்கு இது கசந்தது. ஏடு வெளிவரும் செய்தியை அரசிதழில் விளம்பரமாக வெளியிடக்கூட அதிகாரிகள் இடந்தரவில்லை. மற்ற ஏடுகளுக்குக் கிடைத்த சலுகை இதற்கு மறுக்கப்பட்டது.

ஏட்டின் தொடக்கநாள் போராட்டம் சமயத்தைப் பற்றியது. டுவீடேல் பிரபு ஆளுநராக இருந்தபோது, அரசுக் கல்விக்கூடங்களில் விவிலியத்தைப் பாடநூலாக்கும் எண்ணம் எழுந்தது. மதம் மாறியவர்க்கும் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்னும் சட்ட முன்வரைவும் அப்போது வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையில் மதமாற்றத்தை ஒட்டிக் கலகங்களும் நிகழ்ந்தன. 1846-இல் பச்சையப்பன் கல்விக்கூடத்தில் பெருங்கூட்டம் கூட்டி, இவற்றை எதிர்த்துக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார் செட்டியார். விவிலியப் பாடத்திட்டத்தை இயக்குநர்கள் ஏற்கவில்லை. சொத்துரிமைச் சட்டமோ 1850-இல் நிறைவேறியது.

கையெழுத்துத் திரட்டுவதும், கூட்டம் கூட்டுவதும், கடல்கடந்து மனு அனுப்புவதும் செட்டியாருக்கு இதனால் கைவந்த கலையாயின. சமயக் குறைக்காகக் கற்ற அந்தக் கலையை அவர் பின்னர் உழவனின் குறைக்காகக் கையாண்டார். அதுவே அவர் வாழ்க்கையின் திருப்பம் எனலாம்.

சங்கமும் மனுவும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாராளுமன்றம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டயத்தைப் புதுப்பித்து வந்தது. 1793, 1813, 1833 என்ற வரிசையில் அடுத்த ஆண்டு 1853. கம்பெனியின் ஆட்சி நல்லதா கெட்டதா என்று இலண்டன் கேட்கும் நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்துக்குள் தென்னாட்டின் குரல் அங்கே சென்று சேரவேண்டும் என்பதைச் செட்டியார் உணர்ந்தார். சரக்கு எந்தப் பருவத்தில் விலைபோகும் என்று அறிந்த வணிகரல்லவா!

1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் சங்கம் ஒன்று தோன்றியது. முதலில் கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாக இருந்தது. சில மாதங்களிலேயே தனித்து நின்று 'சென்னைவாசிகள் சங்கம்' ஆயிற்று. செட்டியாரே அதன் தலைவர். மாகாணத்தின் முதல் அரசியல் அமைப்பு இது என்பர் வரலாற்றாசிரியர். அப்போது காங்கிரசு பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

அவ்வாண்டின் முடிவில் சங்கம் பாராளுமன்றத்துக்கு நீண்ட மனு ஒன்றை அனுப்பியது. வரியின் கடுமை, அதனை வாங்கும் முறையின் கொடுமை, தறிக்காரரிடமும் கைவினைஞரிடமும் பிடுங்கப்பட்ட 'மோதர்பா' என்னும் தொழில்வரி, நீதிமன்றங்களின் தாமதம், பாசனப் பணியிலும் சாலையிலும் கல்வியிலும் அரசு காட்டிய அசட்டை ஆகியவை அதில் இடம்பெற்றன. மனுவில் உணர்ச்சியைவிடச் செய்தியே மிகுதி. பேரேடு எழுதிப் பழகிய கை, நாட்டின் துன்பத்துக்கும் ஒரு பேரேடு எழுதியது போலும்!

கிட்டியும் அண்ணாந்தாளும்

மனுவைப் படித்த ஆங்கில உறுப்பினர்களுள் டேன்பி சீமோர் என்பவர் 1853-இல் தாமே சென்னைக்கு வந்தார். இந்தியச் சீர்திருத்தத்தில் நாட்டங்கொண்டவர் அவர். விருந்தாளியைக் கோட்டைக்கும் கடற்கரைக்கும் மட்டும் அழைத்துச் சென்று அனுப்பிவிடவில்லை செட்டியார். உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். வரி வாங்கும் முறையைச் சீமோர் கண்ணாலேயே கண்டார். 1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் இதனைப் பற்றி வாதம் எழுந்தது. கம்பெனியின் ஆதரவாளர்கள் மறுத்தனர். முடிவில் விசாரணைக்கு ஆணை பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை ஆணையம் சென்னையில் அமைந்தது.

ஆணையத்தின் அறிக்கையில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள் நம் தமிழ்ச் சொற்கள். ஒன்று கிட்டி. ஒரு முனையில் பிணைத்த இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி அது. மற்றொன்று அண்ணாந்தாள். மேயும் மாடு ஓடிப்போகாதிருக்கக் கழுத்துக்கும் முன்காலுக்குமாகப் பூட்டும் கயிற்றுக்கு உள்ள பெயர் இது. அதே முறையில் மனிதனைக் குனியவைத்துக் கழுத்தைக் கால் விரலோடு பிணைத்து வெயிலில் நிறுத்துவர். முதுகின்மேல் கல்லை ஏற்றுவதும் உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வட்டிக்குக் கொடுத்தவனின் கெடுபிடியைச் சொல்லும்போது, “கிட்டி போட்டு வாங்கிவிட்டான்” என்பர். அது வெறும் உவமை என்றே பலரும் எண்ணுவர். நம் முன்னோரின் விரல்களுக்கு அது உவமையாக இருக்கவில்லை.

ஆணையத்தின் முன் 1,959 முறையீடுகள் வந்தன. அவற்றுள் 1,440 கடிதம் மூலம் வந்தவை. 519 பேர் நேரிலேயே வந்தனர். இந்த 519 என்ற எண்ணை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். மாகாணத்தின் முதல் பயணியர் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கியதே 1856-இல்தான். மதுரை வட்டாரத்திலிருந்து ஒருவர் சென்னை செல்ல வேண்டுமானால் 450 கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும்; இல்லையேல் மாட்டுவண்டி. வழிச்செலவு தம்முடையது. ஊர் திரும்பினால் அதே தாசில்தார், அதே சேவகர்கள். இத்தனையும் அறிந்து வந்தவர்கள் அவர்கள்.

பாண்டியன் அவையில் ஒரு பெண் ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்ட கதை பிறந்த ஊர் நம் ஊர். அவள் அழுததால் மட்டும் வெல்லவில்லை. சிலம்பை உடைத்துச் சான்று காட்டியதால் வென்றாள். 1854-இல் நடந்து வந்தவர்கள் தம் விரல்களையே சான்றாகக் கொண்டுவந்தனர். அவர்கள் வந்து நிற்பதற்கு ஓர் அவை அமையக் காரணமானவர்களுள் முதல்வர் லட்சுமிநரசு செட்டியார்.

ஆணையம் கண்டதும் காணாததும்

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சித்திரவதை நடப்பது உண்மையே என்று அது ஒப்புக்கொண்டது. வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதைக் கேட்டுக்குக் காரணமாகக் காட்டி, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றது.

ஆனால் பழி யார்மீது விழுந்தது? கீழ்நிலையில் இருந்த நம் நாட்டுச் சேவகர்மீதும் தாசில்தார்மீதும் விழுந்தது. வெள்ளை அதிகாரிகள் இதற்கு உடன்படவில்லை என்று ஆணையம் அவர்களை விடுவித்துவிட்டது. கிட்டியைப் பிடித்த கை இந்தியனுடையது என்பது மெய்யே. கட்டமுடியாத வரியை விதித்து, கட்டியே தீரவேண்டும் என்று ஆணையிட்ட கை எவருடையது? இக்கேள்விக்கு அறிக்கையில் நேரான விடை இல்லை. கார்ல் மார்க்சு இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை 1857 செப்டம்பரில் 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' ஏட்டில் வந்தது. நம் குடியானவனின் துன்பம் அமெரிக்க வாசகர்வரை சென்றது இவ்வாறு.

விளைவுகளையும் கூறவேண்டும். 1858-இல் நிலஅளவைக்கும் வரித்திட்டத்துக்கும் தனித்துறை அமைந்தது. 1859-ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையினின்றும் பிரித்தது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதன் 330-ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறவோ பொருளைக் கறக்கவோ ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. நிலுவை வரிக்காக ஒருவனைச் சித்திரவதை செய்யும் வருவாய் அதிகாரியை அப்பிரிவு எடுத்துக்காட்டாகவே சொல்லுகிறது! இச்சட்டத்தின் முதல் வரைவு மெக்காலேயின் தலைமையில் 1837-இலேயே எழுதப்பட்டது. ஆகவே இப்பிரிவைச் செட்டியாரின் வெற்றியாகக் கணக்கிடுதல் பொருந்தாது. எனினும் அந்த எடுத்துக்காட்டு கற்பனையன்று என்பதை உலகறிய மெய்ப்பித்தது சென்னை ஆணையமே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றம் 120-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. காவல்நிலையத்தில் ஒருவன் அடிபட்டான் என்ற செய்தியை நாளிதழில் காணும்போதெல்லாம், இது முடிந்துபோன வரலாறன்று என்பது நமக்கு விளங்கும்.

சீர்தூக்கி நோக்கின்

புகழுரை மட்டும் வரலாறாகாது. செட்டியாரின் பணியிலும் எல்லைகள் உண்டு. சங்கத்தில் இருந்தவர்கள் வணிகரும் நிலக்கிழாரும் ஆங்கிலம் கற்றோருமே. உழவனுக்காகப் பேசிய அச்சங்கத்தில் உழவனுக்கு இருக்கை இல்லை. மிராசுதாரரின் நிலத்தில் உழைத்த கூலியாளின் துன்பம் மனுவின் மையத்துக்கு வரவில்லை.

சமயப் போராட்டத்தையும் இருபுறமும் நின்று பார்த்தல் நலம். அரசாங்கப் பணத்தில் ஒரு மதத்தைப் பரப்பக்கூடாது என்ற அவர் வாதம் நேர்மையானது; இன்றைய அரசியலமைப்புக்கும் அது உடன்பாடே. ஆனால் மதம் மாறியவனுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு இல்லை என்ற வாதத்தை நாம் இன்று ஏற்பதற்கில்லை. மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-இல் தொடங்கியது. பசுமலையில் 1845 முதல் அவர்கள் கல்விக்கூடம் இயங்கியது. எழுத்து மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு இத்தகைய கூடங்களே முதல் பள்ளி. மிஷனரிகளைச் செட்டியார் கண்ட கண்ணும் அப்பிள்ளைகள் கண்ட கண்ணும் வெவ்வேறு.

சங்கத்துக்குள்ளும் ஒருமை நீடிக்கவில்லை. அரசியல் மனுக்களைவிடச் சமுதாயச் சீர்திருத்தமே முதல் தேவை என்று கருதிய கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை 1852-இலேயே பிரிந்து வேறு சங்கம் கண்டார். சீர்திருத்தம் முதலா, அரசியல் உரிமை முதலா என்ற கேள்வி பின்னர் காங்கிரசிலும் எழுந்தது. சென்னையில் அதன் முதல் ஒலி இங்கே கேட்டது.

இறுதி நாள்கள்

1858-இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து, விக்டோரியா அரசியாரின் ஆட்சி வந்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணச் சட்டசபையில் இந்தியரையும் நியமிக்கலாயினர். சென்னையில் முதலில் இடம்பெற்ற சடகோபாச்சார்லு காலமானபின், 1863-இல் செட்டியார் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எந்த அரசாங்கம் அவர் ஏட்டின் விளம்பரத்தையும் வெளியிட மறுத்ததோ, அதுவே அவருக்குப் பட்டமும் பதவியும் வழங்கியது.

அதற்குள் கைப்பொருள் கரைந்துபோயிற்று. ஏட்டுக்கும் சங்கத்துக்கும் மனுக்களுக்கும் வாரி இறைத்த வணிகர், 1868-இல் வறுமையில் மறைந்தார். அவருக்கு முன்னரே சங்கம் சோர்ந்துவிட்டது. ஒருவரது பணத்திலும் ஊக்கத்திலும் நடந்த அமைப்பு, அவர் தளர்ந்தபோது தானும் தளர்ந்ததில் வியப்பில்லை. ஆயினும் வித்து வீண்போகவில்லை. 1878-இல் 'இந்து', 1882-இல் 'சுதேசமித்திரன்', 1884-இல் சென்னை மகாஜன சபை என அடுத்தடுத்து முளைத்தவை அவர் உழுதுவைத்த நிலத்திலேயே முளைத்தன.

முடிவுரை

வாளெடுத்தவர்களையும் சிறைசென்றவர்களையும் நாம் போற்றுகிறோம், போற்றவேண்டியதே. ஆனால் கூட்டம் கூட்டி, கையெழுத்து வாங்கி, சான்று சேர்த்து, உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு ஓர் தாளை அனுப்பியவர்களை எளிதில் மறந்துவிடுகிறோம். செட்டியாரின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துவது இதுதான்: துன்பம் சொல்லப்படாதவரை ஆட்சிக்கு அது இல்லாத ஒன்று, எழுதப்பட்டு எண்ணப்பட்டபின் எந்த ஆட்சியாலும் அதனை மறைத்தல் அரிது. 1,959 என்ற எண்ணிக்கை எழுதப்படாதிருந்தால், கிட்டியும் அண்ணாந்தாளும் பாட்டிமார் பேச்சில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியவர்களும் பலர். ஊரில் கண்மாய் மடை பழுதானாலும், முதியோர் உதவித்தொகை நின்றாலும், “தம்பி, ஒரு மனு எழுதிக் கொடு” என்று நம் வாசலுக்கு யாரேனும் வருவது வழக்கம். அதனைச் சிறு வேலை என்று தட்டிக்கழிக்க வேண்டா. நாள், இடம், பெயர், தொகை ஆகியவற்றைத் தவறாமல் குறித்து, சான்றோடு எழுதிக் கொடுப்போம். மாகாணத்தின் முதல் அரசியல் பணி அவ்வாறுதான் தொடங்கியது.